டிமென்ஷியா பராமரிப்பு: முதியோர் இல்லப் பணியாளர்களுக்கு எதை முதலில் கற்றுத்தருவது?

முதியோர் இல்லத்தில் டிமென்ஷியா (மறதிநோய்) பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஒரு டாக்டர் வருவார், மூளையின் படம் காட்டுவார், அல்சைமர் என்றால் என்ன என்று விளக்குவார். எல்லோரும் தலையாட்டுவார்கள், சான்றிதழ் வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் காலை குளியல் நேரத்தில் அதே கூச்சல், அதே இழுபறி.

டாக்டர் சொன்னதில் தப்பு எதுவும் இருக்காது, வரிசைதான் தப்பு. மூளையின் எந்தப் பகுதி சுருங்குகிறது என்பது அட்டெண்டருக்குப் பத்தாவதாகத் தெரிந்தால் போதும். முதலில் தெரியவேண்டியவை வேறு. இல்லத்தை நடத்துபவர்களுக்கும் பொறுப்பு நர்ஸ்களுக்கும் அந்த வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. பயிற்சிக்கு முன் தயாராக இருக்கவேண்டியவை

ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், தாய்மொழி எது, என்ன வேலை பார்த்தார், கண்ணாடி அல்லது காது மெஷின் உண்டா, எதற்குப் பயப்படுவார், வழக்கமாக ஒரு நாள் அவருக்கு எப்படிப் போகும். இது இல்லாமல் ‘அவரவருக்கு ஏற்றபடி பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் பணியாளர் எதை வைத்துப் பார்ப்பார்?

குடும்பத்தாரிடம் கேட்டு நிரப்புங்கள். ‘அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டால் ‘எல்லாம் பிடிக்கும்’ என்றுதான் பதில் வரும். ‘காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்? குளியல் காபிக்கு முன்பா, பின்பா? எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எந்தக் கிழமை?’ என்று கேளுங்கள், பக்கம் தானாக நிரம்பும்.

அடுத்தது நேரம். அரை நாள் வகுப்பு வேண்டாம். இரவு டியூட்டி முடித்தவர்கள் தூங்கி வழிவார்கள், பகல் டியூட்டிக்காரர்கள் பாதியில் எழுந்து போவார்கள். ஷிப்ட் மாறும்போது 15 நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு விஷயம் என்று வையுங்கள். அதையே இரவு ஷிப்டுக்கும் தனியாக நடத்துங்கள்.

நர்ஸ்களை மட்டும் உட்கார வைப்பதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. முதியவரை அதிக நேரம் தொட்டுப் பழகுவது ஆயாவும் அட்டெண்டரும்தான். சமையல்காரரும் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியும்கூட வரவேண்டும். வெளியே போகத் துடிக்கும் தாத்தாவிடம் கடைசியாகப் பேசப்போவது அந்த செக்யூரிட்டி.

2. இப்போது என்ன தெரியும் என்று பாருங்கள்

டிமென்ஷியா அறிவை அளக்கத் தயாரான கேள்வித்தாள்கள் உண்டு. ஏ.டி.கே.எஸ். என்பதில் சரியா தவறா என்று கேட்கும் 30 கூற்றுகள், டி.கே.ஏ.எஸ். என்பதில் 25. படித்த நர்ஸ்களுக்கு இவை பயன்படும். எட்டாவதோடு நின்றவரிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் அளக்கப்படுவது அவருடைய வாசிப்புத்தான்.

வாயால் கேளுங்கள், சம்பவமாகக் கேளுங்கள். ‘நேற்று வரை கலகலவென்று பேசிய பாட்டி இன்று மதியம் முழுக்கத் தூங்குகிறார், என்ன செய்வீர்கள்?’ ‘புடவையை மாற்றப் போனால் கையைப் பிடித்துக் கிள்ளுகிறார், ஏன்?’ ‘செத்துப்போன கணவரைத் தேடுகிறார், என்ன சொல்வீர்கள்?’ இப்படி ஐந்தாறு போதும். பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். பிறகு ஒப்பிட அதுதான் உதவும்.

‘வயசானா அப்படித்தான் சார்’ என்ற பதில் நிறைய வரும். அதைக் கேட்டுச் சிரிக்கவோ திருத்தவோ கூடாது. எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதை அந்தப் பதிலே காட்டிவிடும்.

3. முதல் பாடம்: திடீர் மாற்றம்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லித்தருவதற்குக் காரணம், இதைத் தவறவிட்டால் உயிர் போகும்.

டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். ஒரு நாளில் அல்லது சில மணி நேரத்தில் ஒருவர் குழம்பிப்போனால் அது டெலிரியமாக, அதாவது உடம்பில் வேறொரு கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பமாக, இருக்கலாம். டிமென்ஷியா உள்ளவருக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஏற்கெனவே குழப்பத்தில் இருப்பவர் என்பதால் அது கண்ணில் படுவதும் குறைவு.

இரண்டு முகம் உண்டு. ஒன்று, கத்துவது, எழுந்து ஓடுவது, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது. இது யாருக்கும் தெரிந்துவிடும். இன்னொன்று, சத்தமில்லாமல் சுருண்டு கிடப்பது, கூப்பிட்டால் அரைக்கண் திறப்பது, சோற்றை வாயிலேயே வைத்திருப்பது. இதைப் பார்த்துவிட்டு ‘இன்னைக்குப் பாட்டி சமத்தா இருக்காங்க’ என்று ஹேண்டோவர் கொடுப்பார்கள். அதிகம் தவறவிடப்படுவது இதுதான்.

பணியாளருக்கு ஒரே விதி: நேற்று இல்லாதது இன்று இருந்தால், அதை டிமென்ஷியா என்று எழுதக்கூடாது, நர்ஸைக் கூப்பிடவேண்டும். இந்த விதி வேலைசெய்ய வேண்டுமானால் ‘நேற்று எப்படி இருந்தார்’ என்பது தெரிந்திருக்க வேண்டும். முதல் படியில் எழுதிய ‘வழக்கமான நாள்’ அதற்குத்தான்.

நர்ஸ் வந்ததும் பார்க்கவேண்டியவை: சர்க்கரை, காய்ச்சல், பிரஷர், நாடி, ஆக்சிஜன். கடைசியாக எப்போது மலம் போனார், சிறுநீர் போகிறதா அல்லது அடிவயிறு உப்பியிருக்கிறதா, நேற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எங்காவது விழுந்தாரா, புதிதாக ஏதாவது மாத்திரை சேர்ந்ததா. இத்தனையும் எழுதிக்கொண்ட பிறகு டாக்டருக்குப் போன் செய்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். டாக்டருக்கும் முடிவெடுக்க ஏதாவது கையில் இருக்கும். ஆக்சிஜன் குறைந்திருந்தாலோ எழுப்பியும் எழாவிட்டாலோ பட்டியலை முடிக்கக் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

மூன்று விஷயங்களை அழுத்திச் சொல்லுங்கள். வயதானவருக்குக் கிருமித்தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். நீர் மாத்திரை எடுப்பவருக்கு உடம்பில் சோடியம் குறைந்தும் குழப்பம் வரலாம். சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் சி.பி.எம்., அவில் போன்ற பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் டிமென்ஷியா உள்ளவரின் குழப்பத்தைக் கூட்டும். ‘சளி மாத்திரைதானே’ என்று முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதை அன்றே நிறுத்துங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சிறுநீர் வாடை அடித்தாலே யூரின் இன்பெக்‌ஷன் என்று முடிவுகட்டி ஆன்டிபயாடிக் கேட்பது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் வாடை வரும். முதலில் குடிக்கக் கொடுங்கள், மற்ற அறிகுறிகளையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதும் மொழி

பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே பழைய ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்துவைத்துச் சேர்ந்து படியுங்கள். ‘ரொம்பத் தொல்லை’, ‘அடம்’, ‘வயலன்ட்’ என்ற சொற்கள் நிறைய இருக்கும். இவை எழுதியவரின் எரிச்சலைச் சொல்கின்றன, நடந்ததைச் சொல்வதில்லை.

மூன்று கேள்விக்குப் பதிலாக எழுதச் சொல்லுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பிறகு என்ன நடந்தது. ‘மாலை 4 மணி. டீ கொடுத்தாச்சு. டிவி சத்தமாக ஓடியது. கைப்பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். கையைப் பிடித்து இழுத்ததும் அடித்தார். வெளியே வராந்தாவில் கூட நடந்ததும் அமைதியானார்.’

ஒரு வாரம் இப்படி எழுதினால், ஓய்வுபெற்ற ஆசிரியையான அந்த அம்மா எப்போதும் நாலு மணிக்குத்தான் கிளம்புகிறார், பள்ளி விடும் நேரம் அது என்பது கண்ணுக்குத் தெரியும். அடி விழுவது எப்போதும் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் என்பதும் தெரியும். தீர்வு அதிலேயே இருக்கிறது: 3.50-க்கு ஒருவர் அவரோடு வராந்தாவில் நடக்கவேண்டும்.

எழுத வராத பணியாளர் இருந்தால் நர்ஸிடம் சொல்லி எழுதவைக்கலாம், அல்லது வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லலாம். எழுத்து வரவில்லை என்பதற்காக அவர் பார்த்தது காணாமல் போகக்கூடாது.

5. பேசும் முறை

படிகள் எளிமையானவை, பழக்கத்துக்கு வருவதுதான் கடினம்.

முன்பக்கமாக வாருங்கள், பக்கவாட்டுப் பார்வை குறைந்தவர் பின்னாலிருந்து வரும் கையைத் தாக்குதலாக எடுத்துக்கொள்வார். கண்மட்டத்துக்கு உட்காருங்கள். பெயரையோ முறையையோ சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே விஷயம் சொல்லுங்கள். ‘எழுந்து பாத்ரூம் போய்ப் பல் தேய்ச்சிட்டு வாங்க’ என்பதில் நான்கு வேலை இருக்கிறது. ‘எழுந்திரிங்க’ மட்டும் சொல்லுங்கள். சொன்னபிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான். மூன்று நொடிக்குள் இன்னொரு வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்கள், பாட்டி முதல் வாக்கியத்தையே இன்னும் முடித்திருக்க மாட்டார்.

‘நான் யாரு சொல்லுங்க பாப்போம்?’ என்று கேட்பதைத் தடை செய்யுங்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் பதில் தெரியாமல் நாலு பேர் முன்னால் விழிப்பது அந்த முதியவருக்கு அவமானம். ‘பாட்டி, நான் செல்வி வந்திருக்கேன்’ என்று தானே சொல்லிவிட்டால் ஆயிற்று.

பாட்டி, தாத்தா என்று கூப்பிடுவது எல்லோருக்கும் ஒத்துவராது. ஆபீஸில் ‘சார்’ என்று வாழ்ந்தவர் ‘தாத்தா’வுக்குத் திரும்பவே மாட்டார். ‘டீச்சர்’ என்றால் நிமிர்ந்து உட்காரும் அம்மாவை ‘செல்லம்’ என்று கொஞ்சினால் கோபம் வரும், வரவும் வேண்டும். டயப்பர் மாற்றும்போதும் வாங்க, போங்கதான்.

‘வீட்டுக்குப் போகணும்’ என்பது தினமும் வரும். ‘இதுதான் உங்க வீடு’ என்று வாதிட்டால் சண்டை பெரிதாகும். ‘வீட்ல யாரு இருக்காங்க? எந்த ஊரு?’ என்று கேட்டு அவரைப் பேசவிடுங்கள். கூடவே பசியா, சிறுநீர் வருகிறதா, வலியா என்று பாருங்கள். இறந்துபோன கணவரைத் தேடுபவரிடம் ‘அவர் செத்துட்டார்’ என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், அவர் ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பதுபோல அழுவார். ‘அவர் ஞாபகம் வந்துடுச்சா?’ என்பது பொய்யும் இல்லை, அடியும் இல்லை.

மொழி ஒரு தனிச் சிக்கல். பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும், தாய்மொழி அதைவிட அதிக நாள் ஒட்டியிருக்கும். கோவையில் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசியவர், மதுரையில் சௌராஷ்ட்ரம் பேசியவர், தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தும் ஒரு கட்டத்தில் அந்த வீட்டு மொழிக்கே திரும்பலாம். பார்த்துக்கொள்ளும் பெண் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்திருப்பார். தண்ணீர், வலி, பாத்ரூம், சாப்பாடு, உட்காருங்கள், பயப்படாதீர்கள் என்று பத்துச் சொல்லைக் குடும்பத்தாரிடம் கேட்டு, பணியாளர் படிக்கும் எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள்.

6. குளியல்

இல்லத்தில் அதிக அடி விழுவது இங்கேதான். அதனால் இதை வகுப்பறையில் சொல்லித்தர முடியாது, குளியலறையில் நின்றுதான் காட்டவேண்டும்.

முதலில் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள்: துண்டு, சோப்பு, மாற்றுத்துணி, ஸ்டூல், கலந்த வெந்நீர். நனைந்த ஒருவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுத் துண்டு எடுக்க ஓடினால் குளிரிலும் பயத்திலும் எழுந்துவிடுவார், விழுவார். சூட்டை உங்கள் முழங்கையில் தொட்டுப் பாருங்கள். மேலே விளக்கு நன்றாக எரியட்டும். ஈரமான கறுப்புத் தரை சிலர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியும், காலை வைக்க மறுப்பார். கண்ணாடியில் தெரியும் உருவம் வேறு யாரோ என்று பயந்தால் அதைத் துணியால் மூடுங்கள்.

உடையை முழுதாகக் கழற்றாதீர்கள். பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு குளித்துப் பழகிய தலைமுறை இது. அதே மாதிரி கட்டிவிட்டு, உள்ளே கையை விட்டுத் தேய்த்தாலே பாதி எதிர்ப்பு அடங்கும். பெண்களுக்குப் பெண் பணியாளர்தான்.

தண்ணீரைக் காலில் தொடங்கி மேலே வாருங்கள். முதல் சொம்பைத் தலையில் ஊற்றுவது நம் வழக்கம். ஆனால் டிமென்ஷியா உள்ளவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று புரியாது, மூச்சுத் திணறுவதுபோல இருக்கும். தலைக்குக் குளிப்பதை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் கையில் ஒரு சொம்பைக் கொடுங்கள். ஊற்றிக்கொள்கிறாரோ இல்லையோ, கைக்கு வேலை இருந்தால் அடிக்க வராது.

மறுத்தால் விட்டுவிடுங்கள். 20 நிமிடம் கழித்து வாருங்கள், அல்லது வேறொருவர் வரட்டும். அன்று முழுக்க மறுத்தால் முகம், கை, அக்குள், இடுக்கு மட்டும் வெந்நீர்த் துணியால் துடைத்தால் போதும். தினக்குளியல் மருத்துவத் தேவை கிடையாது. மகளோ மகனோ வந்து கேட்டால் இதைச் சொல்லும் பொறுப்பு நிர்வாகத்துடையது, அட்டெண்டர் தலையில் கட்டக்கூடாது.

7. சாப்பாடு

சொல்லித்தருவதற்கு முன் ஒரு பயிற்சி: பணியாளர்கள் ஒருவருக்கொருவர் ஊட்டட்டும். ஊட்டுபவர் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, விழுங்கும் முன் அடுத்த கரண்டியை நீட்டட்டும். ஊட்டப்பட்டவரிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அதற்குமேல் நீங்கள் அதிகம் பேசவேண்டியிருக்காது.

முதுகு நிமிர்ந்து உட்காரவேண்டும், முகவாய் கொஞ்சம் கீழே இருக்கட்டும். அண்ணாந்து தண்ணீர் குடித்துப் பழகியவர்களிடம் கவனம். விழுங்குதல் பலவீனமானபின் அப்படிக் குடித்தால் நீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். வாய் வைத்துச் சிறு சிறு மிடறாகக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிடும்போது இருமல், குரலில் ஈரமான கரகரப்பு இருந்தால் நர்ஸிடம் அன்றே சொல்லவேண்டும்.

வெள்ளைத் தட்டில் இட்லி பலருக்குத் தெரியாது. பளபளக்கும் எவர்சில்வர் தட்டும் கண்ணைக் கூசும். அடர்நிறத் தட்டு வாங்குங்கள்.

8. வலி

வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் அதை அடித்தோ, கத்தியோ, சாப்பிட மறுத்தோ காட்டுவார். ‘பெயினாட்’ என்ற அளவுகோலில் ஐந்து விஷயம்: மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் தேறுகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. சும்மா இருக்கும்போது மட்டும் பார்க்காமல் புரட்டும்போதும் உட்காரவைக்கும்போதும் பாருங்கள். மூட்டுவலி அப்போதுதான் தெரியும்.

நார்வேயில் 18 இல்லங்களில் 352 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், வலிக்கு முறையாக மருந்து கொடுத்த பிரிவில் 8 வாரத்தில் கிளர்ச்சி (அமைதியில்லாமல் கத்துவது, அடிப்பது போன்றவை) குறைந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கொடுத்தது பாராசிட்டமால்தான். தூக்க மாத்திரை கேட்டு டாக்டருக்குப் போன் செய்யும் முன், வலி மதிப்பெண்ணை எடுத்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.

9. செய்யவே கூடாதவை

கட்டிலோடு துப்பட்டாவால் கட்டுவது, எழ முடியாதபடி மேசையை நாற்காலிக்கு முன் தள்ளி அடைப்பது, நேற்றைய தூக்க மாத்திரையை இன்று கேட்காமல் கொடுப்பது. இரண்டு பக்கமும் பெட் ரெயில் போட்டால் ஏறிக் குதிப்பார், இன்னும் உயரத்திலிருந்து விழுவார். தாழ்ந்த கட்டில் நல்லது.

மனநோய்க்கான சில மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. சில நேரம் அவை தேவைப்படும், முடிவு டாக்டருடையது. கொடுத்த பிறகு மயக்கம், விறைப்பு, தள்ளாட்டம் வருகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

10. இப்போது நோயின் பெயர்கள்

இதற்கு 20 நிமிடம் போதும். பெயரோடு, அதனால் வேலையில் என்ன மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டிமென்ஷியாவில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர். புதிய ஞாபகம் முதலில் போகும், அதனால் காலையில் சொன்னதை நினைவிருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. ரத்தக்குழாய் வகையில் படி இறங்குவதுபோல விட்டுவிட்டுச் சரிவு வரலாம், பிரஷரும் சர்க்கரையும் முக்கியம். லூயி பாடி வகையில் இல்லாத உருவங்கள் தெரியும், ஒரே நாளில் நல்ல நேரமும் மோசமான நேரமும் மாறி மாறி வரும். இவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து ஆபத்தாக முடியலாம், எனவே கேஸ் ஷீட்டின் முன்பக்கத்திலேயே சிவப்பில் எழுதுங்கள். முன்மூளை வகையில் ஞாபகம் ஓரளவு இருக்கும், நாகரிகம் போய்விடும். கெட்ட வார்த்தை பேசுவது வளர்ப்பு அல்ல, நோய்.

11. கைக்கு வந்ததா என்று பார்ப்பது

இரண்டாம் படியில் கேட்ட கேள்விகளையே மறுபடி கேளுங்கள். பதில்கள் நன்றாக மாறியிருக்கும். அதில் மயங்காதீர்கள். ஒரு காலைக் குளியல், ஒரு மதியச் சாப்பாடு, இரவு 2 மணிக்கு ஒரு டயப்பர் மாற்றம், இந்த மூன்றையும் பக்கத்தில் நின்று பாருங்கள். முன்பக்கமாக வந்தாரா, காத்திருந்தாரா, மறுத்ததும் விட்டாரா?

எல்லாம் தெரிந்தும் செய்யவில்லை என்றால் மறுபடி வகுப்பு எடுக்காதீர்கள். டியூட்டி சார்ட்டைப் பாருங்கள். காலை 6 முதல் 8-க்குள் ஒருவரே எட்டுப் பேரைக் குளிப்பாட்ட வேண்டும் என்று எழுதியிருந்தால், பத்து வரை எண்ண அவருக்கு எங்கே நேரம்? பாதிப் பேரின் குளியலை மாலைக்கு மாற்றுங்கள். அந்தக் காலத்தில் மாலையில் குளித்தவர்கள் யார் யார் என்பது உங்கள் ஒரு பக்கக் குறிப்பில் இருக்கும்.

பணியாளர்கள் அடிக்கடி மாறுவார்கள், அதைத் தவிர்க்க முடியாது. புதிதாக வருபவரை முதல் வாரம் தனியாக விடாமல், குளியலைப் பொறுமையாகச் செய்பவரோடு சேர்த்துவிடுங்கள். சீனியாரிட்டி பார்த்துச் சேர்க்க வேண்டாம். பழையவரின் இழுத்துப் போகும் பழக்கம்தான் முதலில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாளிலேயே மூன்றாம் படியில் உள்ள விதியையும், இரவில் யாருக்குப் போன் செய்வது என்ற எண்ணையும் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் வரிசைப்படி வரட்டும்.